ஐந்நூறு பவுண்டு கடன், ஆயிரம் தட்டு

தாமே பதித்தவர்கள் – 6

பிரிஸ்பேன் நகரத்து 'தி செயின்ட்ஸ்' குழுவோடு சென்ற பகுதியை முடித்திருந்தோம். 1976 செப்டம்பரில் 'ஃபேட்டல் ரெக்கார்ட்ஸ்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு 500 தட்டுகள் போட்டார்கள். அவற்றில் சில கடல் கடந்து லண்டன் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 'சவுண்ட்ஸ்' இதழ் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதைப் படித்த இ.எம்.ஐ. நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. சொந்தத் தட்டு அவர்களைப் பெரிய நிறுவனத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தப் பகுதியில் வரும் நால்வர் தட்டுப் போட்டபோது எந்த நிறுவனத்தையும் மனத்தில் வைத்துப் போடவில்லை. ஒரு காலம் நடந்துகொண்டிருக்கிறது, அது சீக்கிரம் முடிந்துவிடக்கூடும், அதற்குள் அடையாளமாக ஒன்றைச் செய்து வைத்துவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். குழுவின் பெயர் 'பஸ்காக்ஸ்'. ஊர், இங்கிலாந்தின் மான்செஸ்டர்.

மான்செஸ்டருக்கு வடமேற்கே போல்ட்டன் என்றொரு பஞ்சாலை நகரம். அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் 1975-ல் ஹோவர்ட் ட்ராஃபோர்ட் என்ற மாணவர் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டை ஒட்டினார். நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவின் 'சிஸ்டர் ரே' என்ற நீண்ட, இரைச்சல் மிகுந்த பாட்டை வாசித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அதன் சாரம். பதில் சொன்னவர் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த பீட்டர் மெக்நீஷ். பக்கத்து ஊரான லீயில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர், அம்மா முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் பிறகு பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஹோவர்ட், 'டிவோட்டோ' ஆனார். பீட்டர், 'பீட் ஷெல்லி' ஆனார். தான் பெண்ணாகப் பிறந்திருந்தால் பெற்றோர் வைக்க நினைத்திருந்த பெயர் ஷெல்லி என்பதால் அதையே எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய காதல் பாட்டுகளில் பாடுவது ஆணா பெண்ணா, பாடப்படுவது யார் என்பதை வேண்டுமென்றே திறந்தே விட்டிருப்பதைக் கேட்கும்போது அந்தப் பெயர்த் தேர்வு எனக்கு நினைவுக்கு வரும்.

1976 பிப்ரவரியில் 'என்.எம்.இ.' வார இதழில் ஒரு சின்னக் கச்சேரி விமர்சனம் வந்தது. லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்றொரு குழு வாசித்தது, 'ஸ்டூஜஸ்' பாட்டு ஒன்றையும் வாசித்தது என்று அதில் இருந்தது. ஸ்டூஜஸ் பாட்டை வாசிக்கும் ஆட்கள் இங்கிலாந்தில் வேறு யாரும் இருப்பதாக டிவோட்டோவுக்கோ ஷெல்லிக்கோ அதுவரை தெரியாது. ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். டிவோட்டோவின் பள்ளி நண்பர் ரிச்சர்ட் பூன் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை படித்துக்கொண்டிருந்தார், அவரோடு தங்கினார்கள். ஹை விக்கம்பிலும் வெல்வின் கார்டன் சிட்டியிலும் அடுத்தடுத்த இரவுகளில் பிஸ்டல்ஸ் வாசித்ததைப் பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் 'டைம் அவுட்' இதழைப் புரட்டியபோது ஒரு தொலைக்காட்சித் தொடரின் விமர்சனத் தலைப்பில் கண்ணில் பட்ட சொற்களே குழுவின் பெயராயின. ஊர் திரும்பும்போது பெயர் இருந்தது. குழு இன்னும் அமையவில்லை.

முதலில் அவர்கள் செய்தது, பிஸ்டல்ஸைத் தங்கள் ஊருக்கு வரவழைத்தது. மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹால் பெரிய அரங்கம். 1819-ல் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ மைதானத்தின் மீது, தானிய இறக்குமதி வரி ஒழிந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. அதன் மாடியில் ஒரு சிறிய கூடம் உண்டு. 1976 ஜூன் 4 அன்று அதை வாடகைக்கு எடுத்து, நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ் வைத்து, பிஸ்டல்ஸை மேடையேற்றினார்கள். முன்னால் வாசிக்க வேண்டிய பஸ்காக்ஸ் தயாராகவில்லை. பேஸ், டிரம்ஸ் இரண்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை. வேறொரு குழு வாசித்தது. வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் என்ற இரு நண்பர்கள் இருந்தார்கள். பிறகு அவர்கள் 'ஜாய் டிவிஷன்' குழு ஆனார்கள். பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற மோரிஸி என்ற இளைஞரும் இருந்தார். வாசலில் வேறு யாரையோ சந்திப்பதற்காகக் காத்திருந்த ஸ்டீவ் டிகிளை, பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மக்லாரன், பஸ்காக்ஸ் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்று தவறாக நினைத்து உள்ளே அழைத்துப்போய் ஷெல்லியிடம் விட்டார். டிகிள் அப்படியே குழுவின் பேஸ் வாசிப்பவர் ஆகிவிட்டார். பிறகு, இடையில் குழு பிரிந்திருந்த ஆண்டுகள் தவிர, 2018 வரை ஷெல்லியும் அவரும் அருகருகே நின்று வாசித்தார்கள். டிரம்ஸுக்குப் பதினாறு வயது ஜான் மஹர் வந்தார். ஜூலை 20 அன்று, அதே கூடத்தில், பிஸ்டல்ஸ் இரண்டாம் முறை வந்தபோது, பஸ்காக்ஸ் இந்த நால்வரோடு முதன்முதலாக மேடை ஏறியது.

ஜூன் 4 இரவைப் பற்றி நூல்களும் படமும் வந்துவிட்டன. நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் தானும் இருந்ததாகச் சொல்பவர்களைக் கணக்கெடுத்தால் மான்செஸ்டரே கொள்ளாது என்று அங்கே சொல்வது உண்டு. அந்த இரவை மாயமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூடத்துக்கு வாடகை கட்டியது, டிக்கெட் அடித்தது, சுவரொட்டி ஒட்டியது, வாத்தியக் குழுவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து வரவழைத்தது எல்லாம் இரண்டு கல்லூரி மாணவர்கள். அந்த உழைப்பைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தட்டுப் போடுகிற துணிச்சல் அவர்களுக்கு அந்த வேலையில்தான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

அன்றைய இசைத்தட்டு வியாபாரம் எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஒரு குழு தட்டுப் போட வேண்டுமானால் லண்டனுக்குப் போக வேண்டும். இ.எம்.ஐ., டெக்கா, பாலிடோர் போன்ற நிறுவனங்களிடமே ஸ்டுடியோ, அச்சு ஆலை, கடைகளுக்குக் கொண்டுசெல்லும் வண்டி, விளம்பரம் எல்லாம் இருந்தன. நம் வீடுகளில் நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இ.எம்.ஐ. அந்நியமான பெயர் அல்ல. கல்கத்தாவின் கிராமஃபோன் கம்பெனி அதன் கிளையாகத்தான் நெடுங்காலம் இருந்தது. அந்த இ.எம்.ஐ. 1976 அக்டோபரில் செக்ஸ் பிஸ்டல்ஸை ஒப்பந்தம் செய்தது. டிசம்பர் 1 அன்று மாலை நேரத் தொலைக்காட்சி நேரலையில் பிஸ்டல்ஸ் கெட்ட வார்த்தை பேச, மறுநாள் நாடே கொந்தளித்தது. அப்போது தொடங்கவிருந்த சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் கச்சேரியை ரத்து செய்தன. மான்செஸ்டரின் 'எலெக்ட்ரிக் சர்க்கஸ்' டிசம்பர் 9, 19 என்று இரண்டு முறை இடம் கொடுத்தது; இரண்டு முறையும் பஸ்காக்ஸ் உடன் வாசித்தது. ஜனவரி தொடக்கத்தில் இ.எம்.ஐ. பிஸ்டல்ஸைக் கைகழுவியது. லண்டன் குழுவுக்கே இந்தக் கதி என்றால், இருநூற்று எழுபது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் நான்கு பேரைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

அதனால் பஸ்காக்ஸ் யாரையும் கேட்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த ரிச்சர்ட் பூன் இப்போது மேலாளர். அக்டோபரில் ஸ்டாக்போர்ட்டின் ஒரு சிறு ஸ்டுடியோவில் நான்கு டிராக் நாடாவில் ஒத்திகை போலப் பல பாட்டுகளைப் பதிந்து பார்த்திருந்தார்கள். இனித் தட்டு. ஸ்டுடியோ வாடகை, மாஸ்டர் வெட்டுவது, அச்சு எடுப்பது, ஆயிரம் தட்டு அடிப்பது, உறை, லேபிள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 500 பவுண்டு ஆகும் என்று தெரிந்தது. நண்பர்களிடமும் வீட்டாரிடமும் கைமாற்று வாங்கினார்கள். ஷெல்லியின் அப்பாவும் கொடுத்தார். சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு அது சில்லறைக் காசு அல்ல. அது நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற வருஷம்; வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். கணக்குப் போட்டால் தட்டுக்கு அரை பவுண்டு அடக்கம் விழுகிறது: ஜூன் மாதக் கச்சேரியின் ஒரு நுழைவுச் சீட்டு விலை. லேபிளுக்கு 'நியூ ஹார்மோன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வரிசை எண், ஓ.ஆர்.ஜி. 1.

1976 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், மான்செஸ்டரின் இண்டிகோ ஸ்டுடியோ. பதிவை நடத்தியவர் மார்ட்டின் ஹானட். வேதியியல் படித்தவர், உள்ளூர் இசைக்கலைஞர்களுக்காக ஒரு கூட்டுறவு அமைப்பை நடத்திக்கொண்டிருந்தார். கச்சேரி ஏற்பாட்டுக்காக அங்கே போனபோது இவர்களுக்குப் பழக்கமானவர். தட்டில் தன் பெயரை 'மார்ட்டின் ஜீரோ' என்று போட்டுக்கொண்டார். பின்னாளில் ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளஷர்ஸ்' ஆல்பத்துக்கு அந்தக் குளிர்ந்த, வெற்றிடம் சூழ்ந்த ஓசையைக் கொடுத்தவர் இவரே. அன்று அவருக்கும் அனுபவம் குறைவு. மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டையும் பதிந்தார்கள். கலவைக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம். 'டைம்ஸ் அப்', 'போர்டம்', 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்' மூன்றும் முதல் டேக்கிலேயே ஓகே. மூன்றுக்கும் மேலே ஒரு கிட்டார் மட்டும் பிறகு சேர்த்தார்கள். 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக். அதில் மேலே எதுவும் சேர்க்கவில்லை.

நான்கும் சேர்ந்து பத்து நிமிடம் ஓடும். முதல் முறை கேட்பவர்களுக்கு ஓசை மெலிந்து ஒலிக்கும். பேஸ் கனமில்லை, கிட்டார் ரம்பம் போல அறுக்கும். ஆனால் கூர்ந்து கேட்டால் மஹரின் டிரம்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது என்பது புரியும்; பதினாறு வயதுப் பையன், வாசிக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. டிவோட்டோ பாடுவது பாதி பேச்சு, பாதி ஏளனம். சொற்களைக் கடித்துத் துப்புகிறார். அதற்குக் கீழே ஷெல்லியின் கிட்டாரில் மெட்டு ஒளிந்திருக்கிறது. 'போர்டம்' பாட்டின் நடுவே வரும் கிட்டார் தனி வாசிப்பு, ராக் இசையின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட தனி வாசிப்புகளில் ஒன்று. இரண்டே இரண்டு சுரங்கள். அவையே மாறி மாறி, மாறி மாறி, பொறுமை தீரும் வரை வருகின்றன. கிட்டார் வித்வான்கள் மேடையில் பத்து நிமிடம் விரல் வித்தை காட்டிய காலத்தில் இரண்டு சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அலுப்பைப் பற்றிய பாட்டில் அலுப்பையே வாசித்துக் காட்டுவது புத்திசாலித்தனம்; அதைக் கேட்டதும் முணுமுணுக்கத் தோன்றும்படி செய்தது ஷெல்லியின் மெட்டறிவு. பாப் பங்க் என்று பின்னால் பெயர் பெற்ற இசைவகையின் இரண்டு அடிப்படைகளும், அதாவது வேகமும் இரைச்சலும் ஒருபுறம், வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு மறுபுறம், இந்த இடத்தில் ஒன்றாக நிற்கின்றன.

தட்டுக்கு 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று பெயர். உறையைத்தான் நான் இந்தத் தொடரின் மிக முக்கியமான ஆவணமாக வைப்பேன். படம் கறுப்பு வெள்ளை. மான்செஸ்டர் பிக்கடிலி தோட்டத்தில் ராபர்ட் பீல் சிலையின் பீடத்தில் நால்வரையும் நிறுத்தி, போலராய்டு கேமராவில் பூன் எடுத்தது. தானிய வரியை 1846-ல் ஒழித்த பிரதமர் அந்தப் பீல். அவர்கள் முதல் கச்சேரி நடத்திய ஃப்ரீ டிரேட் ஹாலின் பெயருக்குக் காரணமான சட்டம் அது. அவர்கள் அதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நகரத்தின் நடுவே, எல்லோரும் கடந்து போகிற இடத்தில், கையில் இருந்த கேமராவால் எடுத்தார்கள், அவ்வளவுதான். பின்னட்டையில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது டேக், மேலே என்ன சேர்க்கப்பட்டது என்ற விவரம் அச்சாகியிருக்கிறது.

எல்லோரும் மறைத்து வைக்கிற தகவல் அது. எத்தனை டேக் ஆனது, எங்கே ஒட்டுப் போட்டோம் என்பதை எந்த நிறுவனமும் உறையில் எழுதுவதில்லை. அன்றைய ஆல்பங்கள் மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் கிடந்து, லட்சங்களை விழுங்கி, எப்படிச் செய்தார்களோ என்று கேட்பவர் வாய்பிளக்கும்படி வெளிவந்தன. வாய்பிளப்பவர் தானும் செய்யலாம் என்று நினைக்க மாட்டார். பஸ்காக்ஸ் செய்முறையை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் டேக், ஒரு கிட்டார் மேற்பதிவு, முடிந்தது. இதைப் படிக்கிற ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு, லீட்ஸிலோ கிளாஸ்கோவிலோ பெல்ஃபாஸ்ட்டிலோ தன் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட இது போதும். டிவோட்டோவும் பூனும் இசையை விடவும் இந்த எண்ணத்தில் தெளிவாக இருந்தார்கள். ஷெல்லி பாட்டில் தெளிவாக இருந்தார். இந்தச் சேர்க்கை அமைந்தது நம் நல்ல நேரம்.

1977 ஜனவரி 29 அன்று தட்டு வெளிவந்தது. விற்பனை முறை என்ன? பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைப்பது, தபாலில் அனுப்புவது. மான்செஸ்டர் 'வர்ஜின்' கடையின் மேலாளருக்கு அது பிடித்துப்போய் வாங்கி வைத்ததோடு, சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற வர்ஜின் கிளைகளுக்கும் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். லண்டனில் கென்சிங்டன் பார்க் சாலையில் ஜெஃப் டிராவிஸ் ஒரு வருஷத்துக்கு முன் தொடங்கியிருந்த 'ரஃப் டிரேட்' கடை திரும்பத் திரும்ப வாங்கியது. அந்தக் கடைக்காரர்கள் இப்படி வெளியூர்களிலிருந்து வரும் சொந்தத் தட்டுகளை நாடு முழுக்க அனுப்பும் வேலையையும் பிறகு எடுத்துக்கொண்டார்கள். அதன் கதை தனியே வரும். ஆயிரம் தட்டும் சில நாட்களிலேயே தீர்ந்துபோயின. வாங்கிய கடனை அடைத்தார்கள். மறுபடி அடித்தார்கள். மறுபடி. மொத்தம் 16,000 தட்டுகள் விற்றன. ஐந்நூறு விற்றால் பெரிது என்று நினைத்துத் தொடங்குகிற வேலையில் இது யாரும் எதிர்பார்க்காத எண்ணிக்கை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. உலகிலேயே முதன்முதலாகச் சொந்தத் தட்டுப் போட்டவர்கள் பஸ்காக்ஸ் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. செயின்ட்ஸைப் பார்த்துவிட்டோம். நியூயார்க்கில் பேட்டி ஸ்மித் 1974-லேயே நண்பர் ராபர்ட் மேப்பிள்தார்ப் கொடுத்த பணத்தில் ஒரு சிங்கிள் போட்டார். 'டெலிவிஷன்' குழு 1975-ல் டெர்ரி ஓர்க்கின் சிறு லேபிளில் போட்டது. லண்டனில் 'ஸ்டிஃப்' நிறுவனம் 1976 அக்டோபரிலேயே 'தி டேம்ன்ட்' குழுவின் பங்க் சிங்கிளை வெளியிட்டுவிட்டது. ஆனால் அது இசை வியாபாரம் தெரிந்த இருவர் நடத்திய நிறுவனம். பிரிட்டிஷ் பங்க் குழு ஒன்று, வாசிப்பவர்களும் அவர்கள் தோழரும் சேர்ந்து கடன் வாங்கி, பதிந்து, அடித்து, விற்று, எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிக் கொடுத்தது என்ற அளவில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' முதல். அதற்கு அந்தப் பெருமையே போதும்.

வெளியான சில வாரங்களிலேயே டிவோட்டோ குழுவை விட்டுப் போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு கச்சேரிதான் பாடியிருப்பார். பங்க் அதற்குள் ஒரு சீருடை ஆகிவிட்டது என்பது அவர் எண்ணம். படிப்பையும் முடிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் 'மேகஸீன்' என்ற வேறுவகைக் குழுவைத் தொடங்கினார். பாடகர் இல்லாமல் நின்ற பஸ்காக்ஸில் ஷெல்லி முன்னால் வந்தார். டிகிள் பேஸிலிருந்து கிட்டாருக்கு மாறினார். பேஸுக்கு முதலில் ஷெல்லியின் பள்ளி நண்பர் கார்த் ஸ்மித், பின்பு ஸ்டீவ் கார்வி. பாப் பங்க்கின் வரலாற்றில் இந்தச் சிறு இடமாற்றத்தின் விளைவு பெரியது. டிவோட்டோ இருந்தவரை மேலே ஏளனமும் கீழே மெட்டுமாக இருந்த இசை, ஷெல்லி பாடத் தொடங்கியதும் தலைகீழானது. அவருடைய மெல்லிய, கொஞ்சம் கெஞ்சும் குரல் காதலைப் பாடியது. காதல் கைகூடாததைப் பாடியது. கோபத்தை மட்டுமே பாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் மனம் உடைந்ததை அதே வேகத்தில் பாடியவர் அவர்.

1977 ஆகஸ்ட் 16 அன்று, எல்விஸ் பிரெஸ்லி இறந்த அதே நாளில், எலெக்ட்ரிக் சர்க்கஸில் வைத்து பஸ்காக்ஸ் 'யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சொந்தத் தட்டின் முன்னோடிகள் ஏழு மாதத்தில் பெரிய நிறுவனத்திடம் போனார்களே என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். எனக்கு அது துரோகமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆயிரம் தட்டு விற்றதும் அடுத்த ஆயிரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். கடைகளிடமிருந்து காசு வர மாதங்கள் ஆகும். விற்க விற்கக் கையில் காசு குறையும். சிறு லேபிள்கள் தோல்வியால் மட்டுமல்ல, வெற்றியாலும் மூடியது உண்டு. நாடு முழுக்க அனுப்பி வைக்கும் வலையமைப்பு அப்போது முளைவிடக்கூட இல்லை. அந்த நிலையில் ஒரு ஆல்பம் போட வேறு வழி கிடையாது. கையெழுத்திடும்போதும் பாட்டும் உறையும் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். முதல் சிங்கிளான 'ஆர்காஸம் அடிக்ட்' 1977 நவம்பரில் வந்தபோது பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. அதன் உறையில் நிர்வாணப் பெண்ணுடல் மீது தலைக்குப் பதிலாக இஸ்திரிப் பெட்டியை ஒட்டி லிண்டர் ஸ்டெர்லிங் செய்த படம் இன்று கலை வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. எழுத்தும் அமைப்பும் மால்கம் கேரட். இருவரும் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தவர்கள். லண்டன் நிறுவனத்தின் கலைப்பிரிவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அடுத்த இரண்டு வருஷங்கள் ஷெல்லியின் பேனா ஓயவில்லை. 1978 மார்ச், 1978 செப்டம்பர், 1979 செப்டம்பர் என்று மூன்று ஆல்பங்கள், நடுநடுவே சிங்கிள்கள். 1977 நவம்பரில் எடின்பரோவில் தங்கியிருந்த இரவு, விடுதியின் தொலைக்காட்சியில் 'கைஸ் அண்ட் டால்ஸ்' படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் காதில் விழுந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் தபால் நிலையத்துக்கு வெளியே வண்டி நின்றபோது எழுதியதே 'எவர் ஃபாலன் இன் லவ்'. காதலிக்கக் கூடாதவரைக் காதலித்துவிட்ட தவிப்பு அது. 1978-ல் பிரிட்டிஷ் பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியது. 1979-ல் சிங்கிள்களை எல்லாம் தொகுத்து 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' வந்தது. அமெரிக்காவில் பஸ்காக்ஸ் போய்ச் சேர்ந்தது அந்தத் தொகுப்பின் வழியாகத்தான். கலிஃபோர்னியாவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்த பாப் பங்க் அலையின் குழுக்கள் மூன்று நிமிடத்துக்குள் காதலைச் சொல்லி முடிக்கும் கலையை அங்கிருந்துதான் எடுத்தன. 1994 தொடக்கத்தில் 'நிர்வாணா' தன் கடைசி ஐரோப்பியப் பயணத்தில் பஸ்காக்ஸை உடன் அழைத்துக்கொண்டு போனது. 1981-ல் பிரிந்த குழு 1989-ல் மறுபடி கூடியிருந்தது. 2018 டிசம்பர் 6 அன்று எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஷெல்லி இறக்கும்வரை வாசித்தது. இப்போது டிகிள் பாடி நடத்துகிறார்.

நியூ ஹார்மோன்ஸ் என்ன ஆயிற்று? பூன் அதை மூடவில்லை. வரிசை எண் இரண்டு தட்டே அல்ல. லிண்டரும் எழுத்தாளர் ஜான் சாவேஜும் சேர்ந்து செய்த ஒட்டுப்பட இதழ், 'தி சீக்ரெட் பப்ளிக்'. இசைத்தட்டு லேபிள் ஒன்று தாளை வெளியிட்டு அதற்கும் எண் கொடுப்பது அன்று புதிது. அதே ஊரில் பிறந்த 'ஃபேக்டரி' நிறுவனம் பிறகு சுவரொட்டிக்கும் கட்டடத்துக்கும் எண் கொடுத்துப் புகழ்பெற்றதை அறிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1980 முதல் சில வருஷம் லூடஸ் போன்ற மான்செஸ்டர் குழுக்களை பூன் வெளியிட்டார். ஷெல்லியும் கல்லூரி நாளில், 1974-ல், தானே செய்த மின்னணுக் கருவியில் பதிந்து வைத்திருந்த நீண்ட ஓசைப்பதிவு ஒன்றை 1980-ல் தன் சொந்தச் சிறு லேபிளில் வெளியிட்டார். பட்டியலில் பாட்டு ஏறிய பிறகும், தானே போடும் பழக்கம் அவரை விடவில்லை.

1979 ஆகஸ்டில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' மறுபடி அச்சானது. குழு புகழோடு இருந்த நேரம். ஐந்து மணி நேரத்தில் செய்த அந்தத் தட்டு, இரண்டரை வருஷம் கழித்து, பிரிட்டிஷ் பட்டியலில் 31-ஆம் இடத்துக்கு வந்தது. அதற்குள் நிலைமை மாறிவிட்டிருந்தது. நூற்றுக்கணக்கான சொந்தத் தட்டுகள் வந்துவிட்டன. அடுத்த ஜனவரியில் அவற்றுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வெளியாகத் தொடங்கியது. லண்டனில் 'டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ்' என்ற குழு 1977-லேயே தன் முதல் தட்டைத் தானே போட்டு, இது எவ்வளவு சுலபம் என்பதைப் பாட்டாகவே பாடிவிட்டது. 'ஸ்க்ரிட்டி பொலிட்டி' 1978-ல் பஸ்காக்ஸின் பின்னட்டையைவிட ஒரு படி மேலே போனது. ஸ்டுடியோவுக்கு எவ்வளவு, மாஸ்டர் வெட்ட எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு செலவையும் உறையிலேயே அச்சிட்டது. அந்தக் கணக்கை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)